தூங்கிக்கொண்டே இருந்த தம்பி

போன ஐப்பசியில் பல்லடம் பக்கம் ஒரு கட்டுச்சோறு விருந்துக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரி வழியில் சொந்தம். பெண்ணுக்கு ஏழாம் மாதம். பந்தி முடிகிற நேரம், பெண்ணின் அம்மிச்சி, எண்பது வயதுக்கு மேல் இருக்கும், இலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போதுங் கண்ணு, அளவாத் தின்னு. புள்ள வகுத்துலயே பெருத்துப்போச்சுன்னா பெத்தெடுக்கறது செரமம்."

பெண் சிரித்துக்கொண்டே, "டாக்டரம்மா நல்லாச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க அம்மிச்சி. நான் சாப்பிடறதுக்கும் பாப்பா தூங்கறதுக்கும்கூட சம்பந்தம் இருக்குதாம். ஜப்பான்ல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க" என்றது.

"தூங்கறதுக்குத் தொட்டல் இருக்குது, வசம்பு இருக்குது. அதுக்கெதுக்கு ஜப்பானு?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. நான் 31 வருஷம் அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்தவன். ஜனங்கள் பாஷையில் கம்பவுண்டர். கர்ப்பிணிகளுக்கு எத்தனை ஆயிரம் சத்து மாத்திரை எண்ணிக் கொடுத்திருப்பேனோ, கணக்கே இல்லை. அதற்கும் முன்னால், சிங்காநல்லூரில் மில் லைன் வீட்டில் வளர்ந்தவன். அங்கே 1958இல் எனக்கு ஒரு தம்பி பிறந்தான்.

அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் குன்னூர் கதை.

சிம்ஸ் பார்க்குக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். அதன் பக்கத்தில் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. வெறிநாய்க்கடி ஊசி என்றுதான் நமக்கு அது ஞாபகம் வரும். அந்தக் கட்டடத்தில்தான் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றிய விசாரணையை ஆரம்பித்தார். ஒரே ஒரு அறை. அது வளர்ந்து உணவு ஆராய்ச்சிக் கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறிப்போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நாற்பது வருஷம் இந்தியாவின் சாப்பாட்டு ஆராய்ச்சி நம் மேட்டுப்பாளையம் மலைக்கு மேலேதான் நடந்தது. கோயமுத்தூர்க்காரர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது.

மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைத் தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற சீக்கியர் சாப்பாட்டு எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. மதராஸ் அரிசிச் சாப்பாட்டு எலிகள் கடைசி. நமக்குக் கொஞ்சம் ரோஷம் வரும். ஆனால் அந்தக் காலத்தில் கொங்குச் சீமையில் எத்தனை பேர் நெல்லுச்சோறு தின்றார்கள்? நோம்பி நொடிக்குத்தான். மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி, கொள்ளுப்பருப்பு, காட்டில் பறித்த பண்ணைக்கீரை, தொய்யக்கீரை. காட்டை விட்டு மில்லுக்கு வந்து லைன் வீட்டில் குடியேறியபோதுதான் ரேஷன் அரிசியும் ரசமுமாக ஆனது.

அந்தக் குன்னூருக்கு 1929இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா வந்தார். அதற்கு முந்தின வருஷம் பம்பாய் வந்தவர். கர்ப்பிணிகள் ரத்தசோகையில் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவருக்குக் கொடுத்த வேலை. ஜவுளி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடம் இது அதிகமாக இருப்பதைப் பார்த்தார். கிருமி என்று தேடினார், கிடைக்கவில்லை. பிறகு அந்தப் பெண்களின் தட்டைப் பார்த்தார். பாலும் பழமும் காய்கறியும் கண்ணில் படாத தட்டு. அதே சாப்பாட்டை எலிகளுக்கும் குரங்குகளுக்கும் போட்டபோது அவற்றுக்கும் சோகை வந்தது. மார்மைட் என்ற, ஈஸ்ட் நொதியிலிருந்து எடுக்கிற கருப்புக் குழம்பைக் கொடுத்துப் பார்த்தார். ரொட்டியில் தடவித் தின்கிற மலிவான சாமான். சாகக் கிடந்தது எழுந்து உட்கார்ந்தது. பெண்களுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931இல் சென்னையில் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்கிற திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். அந்த வருஷமே கட்டுரை வெளிவந்தது.

மார்மைட்டுக்குள் இருந்த அந்தச் சத்துக்குப் பத்து வருஷம் கழித்துத்தான் பெயர் கிடைத்தது. 1941இல் அமெரிக்காவில் பசலைக்கீரையிலிருந்து பிரித்து ஃபோலிக் அமிலம் என்றார்கள். அதை மருந்தாகச் செய்யும் வழி கண்ட குழுவின் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ். ஆக, நான் எண்ணிக் கொடுத்த மாத்திரையின் கதை குன்னூரில் ஆரம்பித்து, அமெரிக்காவைச் சுற்றி, திரும்ப நம் ஊர் கவர்மென்ட் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வந்திருக்கிறது. வர எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? இரும்பும் ஃபோலிக் அமிலமும் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல்தான் வந்தது.

இந்த நாற்பது வருஷமும் தாய்மார்கள் என்ன செய்தார்கள்? அளவாகத் தின்றார்கள். அழுகிற பிள்ளையைத் தூங்க வைத்தார்கள்.

தூங்க வைக்கிற வழிகளுக்கு மட்டும் நம்மிடம் பஞ்சமே கிடையாது. சேலைத் தொட்டில், சாம்பிராணி, எண்ணெய்க் குளியல், கசகசா. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். ராத்திரியில் அதன் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் 'பேர் சொல்லாதது' என்று கடையில் கேட்பார்கள். (சுட்டு உரசி நாக்கில் தடவுவதை இப்போது டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். கேளுங்கள்.) பிறகு வெள்ளைக்காரன் கொடுத்த கிரைப் வாட்டர். அதில் ஒரு காலத்தில் சாராயச் சத்து இருந்தது என்று தெரியாமலே மூன்று தலைமுறை குடித்துத் தூங்கியிருக்கிறோம். பம்பாய் ஆலைகளில் நிலைமை இதைவிட மோசம். 1920களில் அங்கே விசாரித்த பார்ன்ஸ் என்ற டாக்டரம்மா, மில்லுக்குப் போகும் பெண்களின் குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அபின் உருண்டை கொடுக்கப்படுவதை எழுதி வைத்தார். பால கோலி என்று அதற்குப் பெயர். அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை பிள்ளை தூங்க வேண்டுமே.

அந்தத் தாய்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மில்லில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்ற சட்டமே 1948இல்தான் வந்தது.

இப்போது தம்பி கதை. அம்மா ஒரு மில்லில் ரீலிங் பகுதியில் பதிலி வேலை. காலையில் பழைய சோறும் வெங்காயமும், மத்தியானம் தூக்குப் போசியில் ரசஞ்சோறு. ஏழாம் மாதத்துக்குப் பிறகு ராத்திரிச் சோற்றைக் குறைக்கச் சொன்னது எங்கள் ஆத்தா, அதாவது அப்பாவைப் பெற்றவர். கெட்ட எண்ணம் கிடையாது. பெரிய பிள்ளை வயிற்றில் குறுக்கே நின்று ஒரு மகளைச் சாகக் கொடுத்தவர் அவர். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில் சின்னப் பிள்ளையே தாய்க்கு உயிர்ப்பிச்சை என்று நினைத்தார்கள். அந்தக் கணக்கு முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது.

தம்பி சின்னதாகத்தான் பிறந்தான். எனக்கு எட்டு வயது. தொட்டில் ஆட்டுவது என் வேலை. ஆட்டவே வேண்டியிருக்கவில்லை. தூங்கிக்கொண்டே இருந்தான். பாலுக்குக்கூட அழ மாட்டான். லைன் வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, "என்னங் அக்கா, இத்தனை சமத்தா இருக்கறானே, நீங்க குடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பத்தொன்பதாம் நாள் காலையில் அவன் எழுந்திருக்கவில்லை.

எடை குறைந்து பிறந்த குழந்தை பசித்தும் அழத் தெம்பில்லாமல் தூங்கும்; அதை எழுப்பி எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நர்ஸம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. அம்மா 1996இல் காலமானார். கடைசிவரை "அவன் ரொம்ப சமத்து" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே 1958இல், சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் ஏழைத் தாய்மாரின் பாலைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். அரைவயிறு சாப்பிடுகிறவளுக்கும் பால் நன்றாகவே சுரக்கிறது, தன் உடம்பை உருக்கிக் கொடுக்கிறாள் என்பது அதன் சாரம். ஆனால் குடிக்கிற பிள்ளைக்கு எழத் தெம்பு வேண்டுமே. பிள்ளைக்கு வேண்டிய இரும்புச் சத்து வயிற்றில் இருக்கும்போதே, அதுவும் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில், தாயிடமிருந்து போய்ச் சேருகிறது. ஆத்தா சோற்றைக் குறைக்கச் சொன்ன அதே மூன்று மாதம்.

தூக்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், சிலி நாட்டில் பார்த்திருக்கிறார்கள். ஆறு மாத வயதில் இரும்புச் சத்துக் குறைந்து சோகையாக இருந்த குழந்தைகளின் தூக்க ஒழுங்கு, சோகை தீர்ந்த பிறகும், நான்கு வயதிலும் மற்றவர்களிடமிருந்து மாறியே இருந்ததாம். பல்லடத்துப் பெண் சொன்ன ஜப்பான் ஆராய்ச்சியையும் பேரனை விட்டுத் தேடிப் படித்தேன். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்-பிள்ளை ஜோடிகள். கர்ப்ப காலத்தில் மிசோ என்ற புளிக்க வைத்த சோயா சூப்பை நிறையக் குடித்தவர்களின் பிள்ளைகளில், ஒரு வயதில் குறைவாகத் தூங்குபவர்கள் கொஞ்சம் குறைவு. அதனால்தான் இது என்று அவர்களே அடித்துச் சொல்லவில்லை. நம் கம்மங்கூழையும் பழைய சோற்றையும் யாராவது இப்படிக் கணக்கெடுக்க மாட்டார்களா என்று ஆசையாக இருந்தது. கூழ் மட்டும் போதாது என்று என் கம்பவுண்டர் புத்தி உடனே சொன்னது.

மாத்திரை கொடுத்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பாதிப்பேர் வாங்கிப் போய் வாய்க்காலில் போடுவார்கள். "வெளிக்குக் கருப்பாப் போகுதுங்", "புள்ள கருப்பாப் பொறக்குமாமுங்", எல்லாவற்றுக்கும் மேலே "புள்ள பெருத்துப்போகுமுங்." ஆத்தாவின் பயமேதான். 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்குப் பண உதவி வந்த பிறகு ஜன்னலில் கூட்டம் கூடியது. பயம் குறையத்தான் நாளானது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இன்றும் சோகை இருப்பதாக 2019-21 கணக்கெடுப்பு சொல்கிறது.

தை மாதம் பல்லடத்துப் பெண்ணுக்குப் பெண் குழந்தை. 2 கிலோ 900. போனில் அந்த அம்மிச்சியே பேசினார்: "ராத்திரி பூரா ஒரே அழுகைங். ஒருத்தரையும் கண்ண மூட உடறதில்லை. எங்க காலத்துல புள்ளைங்க இப்பிடியா அழுதுச்சு?"

"அழட்டுமுங்க" என்றேன்.