ஆகஸ்டுப் பதினைந்து

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆண்டுகளையும் நாள்களையும் மாணவர் நெஞ்சிற் பதிக்கப் பெரிதும் முயல்கின்றனர். தேர்வுக்கு அவை வேண்டப்படுகின்றன. ஆயின், ஒரு நிகழ்ச்சி ஏன் அந்த நாளில் நிகழ்ந்தது என்னும் வினா வகுப்பறையில் அரிதாகவே எழுகின்றது. ஆகஸ்டு 15ஆம் நாளைக் கொண்டு அவ்வினாவை ஆராய்வோம்.

1769ஆம் ஆண்டு அந்நாளில் கோர்சிகாத் தீவில் நெப்போலியன் பிறந்தான். 1872இல் கல்கத்தாவில் அரவிந்தர் பிறந்தார். 1914இல் அட்லாண்டிக், பசிபிக் மாகடல்களை இணைக்கும் பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டது. இம்மூன்றும் ஒரே நாளில் அமைந்தமை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைப் போன்றதே. இவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பு தேடுதல் வீண்.

அடுத்து வருவன அத்தகையன அல்ல. 1945ஆம் ஆண்டு அந்நாள் நண்பகலில், ஜப்பான் சரணடையும் செய்தியைப் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலி வழியே தம் மக்களுக்கு அறிவித்தார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மூன்றரை ஆண்டு நீடித்த ஜப்பானியர் ஆட்சி முடிவுக்கு வந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட மரண இரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டிருந்தனர். எஞ்சியோர் வீடு திரும்ப வழி பிறந்ததும் அச்சரணாகதிக்குப் பின்னரே.

தென்கிழக்காசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக விளங்கியவர் மவுண்ட்பேட்டன் பிரபு. இவ்வட்டாரத்து ஜப்பானியப் படைகளின் சரணாகதியை அவர் 1945 செப்டம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூரில் முறைப்படி ஏற்றார். அவரே 1947இல் இந்தியாவின் இறுதி வைசிராயாகப் பொறுப்பேற்றார்.

1948 ஜூன் மாதத்திற்குள் இந்தியாவை விட்டு நீங்குவதாகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்திருந்தது. மவுண்ட்பேட்டனோ அதனைப் பத்து மாதங்கள் முன்னதாக்கி, ஆகஸ்டு 15ஐக் குறித்தார். ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு நாள் என்பதாலேயே அதனைத் தேர்ந்ததாக அவர் பிற்காலத்தில் கூறினார். அந்நாள் நன்னாளன்று எனச் சோதிடர்கள் மறுக்கவே, அரசியல் நிர்ணய சபை 14ஆம் நாள் இரவே கூடி, நள்ளிரவில் விடுதலையை வரவேற்றது.

இத்தேர்வில் ஒரு முரண் உண்டு. நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியருடன் சேர்ந்தே போரிட்டது. அதில் மலாயாத் தமிழர் பலர் சேர்ந்திருந்தனர். அப்படையில் உயிர் நீத்தோர்க்குச் சிங்கப்பூர்க் கடற்கரையோரம் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம், 1945இல் மவுண்ட்பேட்டன் ஆணையால் தகர்க்கப்பட்டது. அவர்தம் வெற்றி நாளே இந்தியாவின் விடுதலை நாளாயிற்று. தகர்க்கப்பட்ட இடத்தில் 1995இல்தான் நினைவுக்குறி நிறுவப்பட்டது.

குறித்த நாள் நெருங்கியதால் பணிகள் விரைந்தன. எல்லை வகுக்க வந்த ராட்கிளிஃப் ஜூலை 8ஆம் நாள்தான் இந்தியா வந்தார். அவர் வகுத்த எல்லை, விடுதலைக்குப் பின் ஆகஸ்டு 17ஆம் நாளே வெளியாயிற்று. தம் ஊர் எந்நாட்டைச் சேர்ந்தது என்பதை அறியாமலே பஞ்சாபிலும் வங்காளத்திலும் மக்கள் விடுதலை நாளைக் கண்டனர். கோடிக்கு மேற்பட்டோர் இடம் பெயர்ந்தனர், இலட்சக்கணக்கானோர் மாண்டனர். இத்துயருக்கு அவ்விரைவும் ஒரு காரணம் என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

கொரியரும் இந்நாளை மறவார். 1910இல் ஜப்பானால் இணைத்துக்கொள்ளப்பட்ட அந்நாடு, 1945 ஆகஸ்டு 15இல் அவ்வாட்சியினின்று விடுபட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் அதே நாளில் தென்பகுதியில் கொரியக் குடியரசு நிறுவப்பட்டது. விடுதலை பெற்ற நாளையே அரசமைக்கும் நாளாகவும் அம்மக்கள் கொண்டனர். ஆயினும் வடபகுதியில் வேறோர் அரசு அடுத்த மாதமே எழுந்தது. நாடு இன்றும் இரண்டாகவே உள்ளது.

ஆகவே, நாள்கள் ஒத்திருப்பது கண்டு வியப்பதோடு மாணவர் நின்றுவிடலாகாது. அந்நாளைக் குறித்தவர் யார், எந்நோக்கத்துடன் குறித்தார், அதன் பயனை நுகர்ந்தவர் யாவர், அதன் துன்பத்தைச் சுமந்தவர் யாவர் என வினவுதல் வேண்டும். டில்லியில் கொடியேறிய காட்சி பாடநூலில் இடம் பெறுகின்றது. சயாமிலிருந்து மெலிந்த உடலுடன் தோட்டத்துக்குத் திரும்பிய தொழிலாளியின் வரலாறும் அந்நாளுக்கு உரியதே. அதனையும் சேர்த்துக் கற்பிப்பது தமிழாசிரியர் கடமையாகும்.