விழாவுக்குப் போய் நாடகம் படித்தல்

நரிக்குடிப் பக்கத்துக் கரிசலில் நாடகம் என்றால் ஸ்பெஷல் நாடகம்தான். பொங்கல் சாட்டி, காப்புக் கட்டி, ஒரு ராத்திரி சாக்கை விரித்து உட்கார்ந்தால் விடியும்வரை 'வள்ளி திருமணம்'. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. சில சமயம் அன்றைக்கு ராத்திரிதான் ஒருவர் முகத்தை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பதே. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) விட்டுப்போன பாட்டும், ஆர்மோனியக்காரரின் காதும்தான் அவர்களைச் சேர்த்துக் கட்டுகிற கயிறு.

"ஒரு சர்வதேச விழாவை முழுசாப் பார்த்தாப் போதும், மூணு வருசப் படிப்பு" என்றார் வெளிநாடு போய்வந்த தோழர். பொய்யில்லை. நவீன நாடக வரலாற்றில் பாதி, அப்படிப் பார்த்துப் படித்ததுதான். ஆனால் யார் பார்த்தார்கள், யார் பார்க்கப்பட்டார்கள் என்பதை நாம் கேட்பதில்லை.

1931இல் பாரீஸின் வேன்சென் வனத்தில் காலனியக் கண்காட்சி. டச்சு அரங்கில் பாலித் தீவு நடனக் குழு, ஆளும் நாட்டின் சொத்துப்பட்டியலில் ஒன்றாக ஆடியது. பார்த்த ஆர்த்தோ கிறுகிறுத்துப் போனார். வசனத்துக்கு அடிமைப்படாத அரங்கு என்ற அவரது சிந்தனைக்கு அது உரமானது. 1938இல் 'நாடகமும் அதன் இரட்டையும்' வந்தது. ஆடியவர்களின் சைகைக்கு அவர்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாது. தவறான வாசிப்பிலிருந்து ஒரு கோட்பாடு பிறந்தது. 1935இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங்கைப் பார்த்த பிரெக்ட், தன் அந்நியமாக்கல் கோட்பாட்டை அவர் வழியாக விளக்கினார். அங்கும் மேடையில் கிழக்கு, குறிப்பேட்டுடன் மேற்கு.

உலகப்போர் முடிந்து 1947இல் எடின்பரோவிலும் அவிஞ்ஞோனிலும் விழாக்கள் தொடங்கின. எடின்பரோவுக்கு அழைப்பில்லாமலே எட்டுக் குழுக்கள் வந்து ஆடின; 'ஃப்ரிஞ்ச்' விழா பிறந்தது அப்படித்தான். 1985இல் அவிஞ்ஞோன் அருகே ஒரு கல்குவாரியில் பீட்டர் புரூக் ஒன்பது மணி நேர 'மகாபாரதம்' போட்டார். அதற்காக இந்தியாவில் சுற்றிப் பல வடிவங்களைப் பார்த்திருந்தார். கதையை எடுத்துக்கொண்டு அது வாழ்கிற மண்ணை விட்டுவிட்டார் என்று ருஸ்தம் பரூச்சா கடுமையாக விமர்சித்தார்.

பாஸ்போர்ட் இல்லாத எனக்குத் திருச்சூர்தான் வெளிநாடு. 2008இல் தொடங்கிய கேரள சர்வதேச நாடக விழாவுக்கு ஒரு வருசம் போனேன். தெரியாத மொழி. ஒளியை, உடம்பை, மௌனத்தை வரிவரியாகக் குறித்துக்கொண்டேன். அந்த மொழி தெரிந்த நாலு பேர் சட்டென்று சிரித்தார்கள், எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் உறைத்தது: இப்போது நான்தான் ஆர்த்தோ. எங்கள் பபூன் வறண்ட கண்மாயைச் சொல்லிச் சிரிக்க வைக்கும்போது, வெளியூர்க்காரரும் இப்படித்தானே முழிப்பார்.

ஊருக்கு வந்து சொன்னேன். அப்பத்தா கேட்டாள்: "அம்புட்டுத் தூரம் போயி நாடகம் பாத்தியே, இங்கன ஆடுறவுகளுக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி வாங்கிக் குடுத்திருக்கியாடா?" இல்லை. விழாவில் ஆடினால் கலைஞர். அதையே நம் மந்தையில் ஆடினால் கூத்தாடி. இந்த இழிவை, குறிப்பாக நடிகைகள் சுமப்பதை, மதுரையில் தங்கி ஆராய்ந்து 2005இல் புத்தகமாக்கியவர் சூசன் சைசர் என்ற அமெரிக்கர். நாம் எழுதவில்லை.

ஆர்த்தோ பாலி நடனம் பார்த்த அதே வேன்சென் வனத்தில்தான் அரியான் முனூஷ்கினின் 'தியேத்ர் து சொலெய்' குழு இயங்குகிறது. அந்த நடிகர்களுக்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் தெருக்கூத்துக் கற்றுக்கொடுத்தார். 2016இல் அது அங்கே மேடையேறியது. 85 வருசத்தில் காட்சிப்பொருளின் இடத்தில் வாத்தியார் வந்து நின்றார். அதிகாரம் முழுக்கப் புரண்டுவிடவில்லை. மேடையும் பணமும் இன்னும் அவர்களுடையதுதான். ஆனாலும் அங்கே பார்த்தது மட்டுமில்லை, பக்கத்தில் நின்று அடவு பழகியதும் நடந்தது.

விழாவுக்குப் போகிற தோழர்கள் போகட்டும். அந்தக் குறிப்பேட்டை அடுத்த பொங்கலுக்கு நரிக்குடிப் பக்கமும் கொண்டு வரட்டும். விடிந்து அரிதாரம் கலைக்கிற நேரத்தில், அந்த ஸ்திரீபார்ட் அம்மாவிடம் பேர் கேட்டு எழுதிக்கொள்வதிலிருந்து படிப்பைத் தொடங்கலாம்.