ஆண்கள் அணிகளின் பெண் பயிற்றுநர்கள்

கல்லூரி ஆண்கள் அணிகளுக்குப் பெண்கள் பயிற்சியளித்ததற்கான விரிவான பதிவுகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. கென்டக்கி பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு 1990இல் பெர்னடெட் மேட்டாக்ஸ் துணைப் பயிற்றுநரானார். நியூயார்க்கின் கிங்ஸ்பரோ சமுதாயக் கல்லூரியில் 1995இல் தலைமைப் பொறுப்பேற்ற கெரி மெக்டியர்னனே அத்தகைய முதல் தலைமைப் பயிற்றுநர் என்பது பரவலான கருத்து.

இந்தியாவில் இதற்கான வழியைக் கல்லூரிகளைவிட, 1961இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்றுநர் பட்டயமே திறந்துவிட்டது எனலாம். டெல்லியின் சுனிதா சர்மாவை நாட்டின் முதல் பெண் கிரிக்கெட் பயிற்றுநர் என்பார்கள். இவரிடம் ஆட்டம் பழகிய தீப் தாஸ்குப்தா விக்கெட் கீப்பராக 8 டெஸ்ட்களில் ஆடினார்; 2001இல் மொகாலியில் இங்கிலாந்துக்கு எதிராகச் சதமும் அடித்தார். சுனிதாவுக்கு 2005ஆம் ஆண்டின் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது.

மிகச் செழிப்பான அத்தியாயம் தடகளத்தில்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 4×100 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்ற சோவியத் வீராங்கனை கலினா புகாரினா, அமெரிக்காவில் பல்கலைக்கழகத் தடகள அணிக்குப் பயிற்சியளித்தபின் இந்தியாவின் 400 மீட்டர் ஓட்டக்காரர்களைப் பொறுப்பேற்றார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் திருப்பூரின் தருண் அய்யாசாமியும் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவும் இருந்த ஆண்கள் 4×400 மீட்டர் தொடரோட்ட அணி வெள்ளி வென்றது. தங்கம் வென்ற கத்தாரின் நேரம் 3:00.56; அதுவே ஆசியச் சாதனை. மூன்றாண்டு கழித்து டோக்கியோ ஒலிம்பிக்கில் அனஸ், நோவா நிர்மல் டாம், ராஜீவ், அமோஜ் ஜேக்கப் நால்வரும் கைமாற்றிக் கொண்டுபோன குச்சி 3:00.25இல் எல்லைக்கோட்டைத் தொட்டது. இறுதிச் சுற்றுக்கு ஓர் இடம் தவறியது. கத்தாரின் சாதனையோ வீழ்ந்தது. அப்போது புகாரினாவுக்கு வயது 76.

தமிழகத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளி, பாலினச் சோதனையைக் காட்டிப் பறிக்கப்பட்டது. ஊர் திரும்பியவர் அங்கேயே பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்தார். பிறகு என்.ஐ.எஸ். பட்டயம் முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்றுநரானார்.

கல்லூரி அணிகளுக்கு ஓர் எடுத்துக்காட்டாக, தென் தமிழகத்தின் சங்கரன்கோவில் வட்டாரம், 1990இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகிறது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் தேறியவர்களைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமையும். அது தென்மண்டலத்தில் ஆடித் தகுதிபெற்று அகில இந்தியப் போட்டிக்குப் போகும். இருபாலர் கல்லூரிகளில் பெரும்பாலும் ஒரே உடற்கல்வி இயக்குநர்தான். காலை ஆறு மணிக்குக் கபடிக் களத்தில் நிற்கும் பையன்களும், கைப்பந்து வலை கட்டும் மாணவிகளும் அவர் பொறுப்பே. அந்தப் பணியிடத்துக்கு ஒரு பெண் வந்தால், தனி அறிவிப்பு எதுவுமின்றி ஆண்கள் அணியும் அவர் கைக்கு வந்துவிடும். களத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத இந்த ஏற்பாடு கவனத்துக்குரியது.

அண்மையில் டமாரா மூர் மெசாபி ரேஞ்ச் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கும் (2020), சாரா டெய்லர் சசெக்ஸ் ஆண்கள் கிரிக்கெட் அணிக்கும் (2021), கேத்ரின் டால்டன் முல்தான் சுல்தான்ஸ் வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் (2024) பயிற்றுநர்களாகப் பொறுப்பேற்றனர்.