ஜிப்சி (தாவும் மரபணு)

ஜிப்சி என்பது பழ ஈயின் (டுரோசோபிலா மெலனோகாசுட்டர்) குரோமோசோம்களில் காணப்படும் ஒரு தாவும் மரபணு ஆகும். இது தன்னைப் படியெடுத்து, அப்படியை வேறோர் இடத்தில் செருகுகிறது. ஓர் ஈயிலிருந்து மற்றோர் ஈக்குத் தொற்றவும் வல்லது. முதுகெலும்பிகளுக்கே உரியவை எனக் கருதப்பட்ட ரெட்ரோவைரசுகளின் இயல்பு பூச்சிகளிலும் உண்டு என்பது இதன் மூலம் தெரியவந்தது.

அமைப்பு

ஜிப்சி ஏறத்தாழ 7,500 கார இணைகள் நீளமுடையது. இதன் இரு முனைகளிலும் ஒரே தொடர்வரிசை அமைந்துள்ளது. இடையில் மூன்று மரபணுக்கள் உள்ளன:

* காக் - ஆர்.என்.ஏ.வைப் பொதியும் புரதத்தைத் தருவது.
* போல் - ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் நொதியையும், அதைக் குரோமோசோமில் செருகும் நொதியையும் தருவது.
* என்வ் - உயிரணுவினுள் நுழைய உதவும் வெளியுறைப் புரதத்தைத் தருவது.

எச்.ஐ.வி. உள்ளிட்ட ரெட்ரோவைரசுகளிலும் இம்மூன்றும் இதே வரிசையில் உள்ளன. பழ ஈயின் மற்றொரு தாவும் மரபணுவான கோப்பியாவில் என்வ் இல்லை.

தொற்றும் தன்மை

1994-இல் வெளியான ஆய்வுகளில், ஜிப்சி மிகுந்த ஈக்களின் கூட்டுப்புழுச் சாறு, செயற்படும் ஜிப்சி இல்லாத ஈக்களின் புழுக்களுக்கு உணவுடன் அளிக்கப்பட்டது. அவற்றின் வழித்தோன்றல்களின் குரோமோசோம்களில் ஜிப்சி புதிதாக இடம்பெற்றிருந்தது. எனினும் பெரும்பாலான ஈக்களில் ஜிப்சி அடங்கியே உள்ளது. எக்ஸ் குரோமோசோமிலுள்ள ஃபிளமென்கோ என்னும் பகுதி இதனைக் கட்டுப்படுத்துகிறது. இப்பகுதியிலிருந்து உருவாகும் சிற்றளவு ஆர்.என்.ஏ.க்கள் ஜிப்சியின் ஆர்.என்.ஏ.வை அடையாளங்கண்டு அழிக்க உதவுகின்றன என்பது 2007-இல் அறியப்பட்டது.

வெளியுறை மரபணுவின் தோற்றம்

ஜிப்சியின் போல் மரபணு ரெட்ரோவைரசுகளின் போல் மரபணுவை ஒத்தது. ஆனால் என்வ் அவ்வாறன்று. அது பாக்குலோவைரசு என்னும் பூச்சி வைரசுக் குடும்பத்தின் வெளியுறை மரபணுவுடன் உறவுடையது என 2000-ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. தமிழ்நாட்டில் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்தப் பயிர்களில் தெளிக்கப்படும் என்.பி.வி. இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவ்விரு வகைகளும் ஒரே உயிரணுவில் சந்திப்பதுண்டு. அந்துப்பூச்சியின் உயிரணுக்களில் வளர்க்கப்பட்ட பாக்குலோவைரசு ஒன்றினுள், அப்பூச்சியின் தாவும் மரபணு (டெட்) செருகியிருந்தது 1982-இல் கண்டறியப்பட்டது.

ஆகவே ஜிப்சியும் முதுகெலும்பிகளின் ரெட்ரோவைரசுகளும் தாய் பிள்ளை அல்ல, பங்காளிகள் எனலாம். வெளியுறை இல்லாத பழைய தாவும் மரபணுக்களிலிருந்து கிளைத்த இவை, தத்தம் வெளியுறை மரபணுவைத் தனித்தனியே பெற்றுத் தொற்றும் ஆற்றல் அடைந்தன.

வகைப்பாடு

ஜிப்சி, மெட்டாவிரிடே குடும்பத்தின் எரன்டிவைரசுப் பேரினத்தில் வைக்கப்பட்டுள்ளது. இக்குடும்பமும் ரெட்ரோவைரசுக் குடும்பமும் ஓர்ட்டர்விரேல்சு என்னும் ஒரே வரிசையில் அடங்கும்.

இவற்றையும் பார்க்க

* ரெட்ரோவைரசு
* பழ ஈ
* பார்பரா மெக்ளின்டாக்