ஆறேகால் சென்ட்டுக்கு என்ன குத்தகை?



போன வாரம் ஒரு கிராமத்தில் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். "ஏனுங்க, வீட்டுக்குக் காய் போட்டுக்கறேன்னு பக்கத்து வீட்டுப் பையன் என்கிட்ட ஆறு சென்ட் கேட்கிறான். என்ன குத்தகை வாங்கறது? நிலத்து விலையைப் பார்க்கறதா, அதில் விளையற கத்தரிக்காயைப் பார்க்கறதா?" என்றார்.

நல்ல கேள்விதானே? இதே கேள்விக்கு விடை காண இங்கிலாந்துக்காரர்கள் நூற்றைம்பது வருஷம் மல்லுக்கட்டினார்கள். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

அங்கே 'அலாட்மெண்ட்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. கொல்லைப்புறம் இல்லாத குடும்பம், உள்ளூர் கவுன்சிலிடம் ஒரு துண்டு நிலத்தை வருஷ வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு வேண்டிய காய்கறி போட்டுக்கொள்ளும். ஒரு துண்டு என்பது வழக்கமாகப் பத்து 'ராட்'. ராட் என்றால் நம்ம கோல் மாதிரி ஓர் அளவுகோல். நீளம் பதினாறரை அடி. ஒரு ஏக்கருக்கு 160 சதுர ராட். பத்து ராட் என்றால் நம் கணக்கில் சரியாக ஆறேகால் சென்ட்!

இது எப்படி ஆரம்பித்தது? நம் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு போல அங்கேயும் பொது நிலங்கள் இருந்தன. பார்லிமெண்ட் சட்டம் போட்டு அவற்றுக்கு வேலி கட்டி, பெரிய நிலச் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த இடம் கூலியாட்களுக்குப் போய்விட்டது. அதற்கு ஈடாகச் சில இடங்களில் சிறு தோட்டங்கள் ஒதுக்கினார்கள். 1809-இல் வில்ட்ஷயரைச் சேர்ந்த கிரேட் சோமர்போர்டு கிராமத்தில் ஸ்டீபன் டிமைன்பிரே என்ற பாதிரியார் முயன்று ஏற்படுத்திய தோட்டம் இன்றும் இருக்கிறது.

எல்லா ஊரிலும் அப்படித் தாராளம் இல்லீங்க. பெரிய பண்ணைக்காரர் ஏக்கருக்குக் கொடுத்ததைவிட, கால் ஏக்கர் வைத்திருந்த கூலியாள் விகிதப்படி அதிகம் கொடுத்த ஊர்கள் பல. அதற்கு மேல் நிபந்தனைகள் வேறு: ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி எடுக்கக்கூடாது, குற்றம் செய்து தண்டனை பெற்றால் நிலம் போய்விடும் என்றெல்லாம். இருந்தும், 1843-இல் விசாரித்த பார்லிமெண்ட் கமிட்டியிடம், குத்தகை பாக்கி விழுவது அபூர்வம் என்றே சாட்சி சொன்னார்கள். காரணம் நமக்குத் தெரியாததா? அந்த உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் குளிர்காலத்தில் அடுப்பு எரியாது. நிலத்தை விட்டுவிட அவனால் முடியாது.

1845-இல் வந்த சட்டம், பொது நிலத்தை வளைக்கும்போது ஏழைகளுக்கும் தோட்டம் ஒதுக்கலாம் என்றது. நடந்தது என்ன? அடுத்த இருபத்துச் சொச்சம் வருஷத்தில் வளைத்தது ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல். ஏழைகளின் தோட்டத்துக்கு வந்தது சுமார் 2,200 ஏக்கர்தான். அப்புறம் கூலியாட்களுக்கு ஓட்டுரிமை வந்தது. 1887-லும் 1908-லும் சட்டங்கள் வந்தன. ஜனங்கள் கேட்டால் தோட்டம் ஏற்பாடு செய்வது உள்ளூர் நிர்வாகத்தின் கடமை ஆயிற்று.

இரண்டு உலக யுத்தங்களிலும் இந்தத் துண்டு நிலங்கள் நாட்டுக்குச் சோறு போட்டன. கப்பலில் உணவு வருவது தடைப்பட்டபோது பூங்காக்களைக்கூடக் கொத்திக் காய்கறி போட்டார்கள். மிடில்டன் என்பவர் பி.பி.சி. ரேடியோவில் வாராவாரம் தோட்டம் பற்றிப் பேசுவார். அதைக் கேட்க லட்சக்கணக்கானோர் காத்திருப்பார்களாம். ரேடியோவில் விவசாயம் பேசுகிற என்னைப் போன்றவர்களுக்கு அவர் முன்னோடி!

யுத்தம் முடிந்த பிறகு, 1950-இல் வந்த சட்டம்தான் அந்தப் பெரியவரின் கேள்விக்கு நேரான பதில். கவுன்சில் வாங்கவேண்டிய வாடகை எது? அந்த நிலத்தைத் தோட்டமாகவே வைத்துக்கொள்கிற ஒருவர் நியாயமாக எவ்வளவு கொடுப்பார் என்று எதிர்பார்க்கலாமோ, அவ்வளவு. பக்கத்தில் வீட்டுமனை என்ன விலை போகிறது என்பது கணக்கில் வராது. கஷ்டத்தில் இருப்பவருக்குக் குறைத்தும் விடலாம். வருஷ வாடகை 25 ஷில்லிங்குக்கு மேல் இருந்தால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக்கூடாது. காலி செய்யச் சொல்லப் பொதுவாகப் பன்னிரண்டு மாத நோட்டீஸ் வேண்டும். 1922 சட்டப்படி அது ஆறு மாதமாக இருந்தது. வீட்டுத் தேவைக்குக் கோழியும் முயலும் வளர்க்கலாம். சேவல் மட்டும் கூடாது. அக்கம்பக்கத்தார் தூங்க வேண்டாமா!

1981-இல் ரீகேட் - பேன்ஸ்டெட் கவுன்சில் தோட்ட வாடகையை 300 சதவீதம் உயர்த்தியது. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. மற்ற பொழுதுபோக்கு வசதிகளுக்கு ஒரு நீதி, தோட்டக்காரருக்கு ஒரு நீதி என்று கட்டணத்தை ஏற்றக்கூடாது என்று தீர்ப்பு வந்தது.

வாடகை ரொம்பக் குறைந்தாலும் ஆபத்து உண்டுங்க. குழாய்த் தண்ணீருக்கும் வேலிக்கும் காசு இராது, புதர் மண்டும். "சும்மாதானே கிடக்கு, வித்துடலாம்" என்று சொல்ல ஆள் வந்துவிடுவார்கள்.

நம் சென்னை ராஜ்யத்திலும் 1956-இல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தபோது, நிலத்தின் விலையை அல்ல, விளைச்சலில் பங்கையே கணக்காக வைத்தார்கள். இரண்டு சட்டத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: உழுகிறவன் அந்த மண்ணிலிருந்து எடுப்பதைப் பார்த்துத்தான் குத்தகை.

பெரியவரிடம் நான் சொன்னதும் அதுதான். "ஐயா, கத்தரிக்காயைப் பாருங்க. தண்ணிச் செலவைச் சேர்த்துக்குங்க. எத்தனை வருஷத்துக்குன்னு இரண்டு பேரும் பேசி எழுதி வச்சுக்குங்க. அடுத்த வருஷம் நிலம் இருக்குமான்னு தெரியாதவன் தொழு உரம் போடமாட்டான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "உரம் போட்டா நெலம் எனக்குத்தானே!" என்றார்.

கணக்கு அவருக்குப் புரிந்துவிட்டது.