எரித்த பத்திரமும் கேட்ட பத்திரமும்

எங்கள் அக்காவுக்கு இரண்டு கலியாண நாள்கள். முதலாவது, யாழ்ப்பாணத்தில் விவாகப் பதிவாளர் வீட்டுக்கு வந்து, பெரிய பதிவேட்டை மேசையில் விரித்துக் கையெழுத்து வாங்கிய நாள். இரண்டாவது, எட்டு மாதம் கழித்து, அத்தான் வாழ்ந்த நாட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் தாலி கட்டிய நாள். “எழுத்து முடிஞ்சுது, இனி விசா வந்தால் கலியாணம்” என்றுதான் அம்மா அயலட்டைக்குச் சொன்னா. அந்த எட்டு மாதமும் அக்கா அரசாங்கத்துக்கு மனைவி, ஊருக்குக் குமர்ப்பிள்ளை.

இதை வாசிக்கும் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். இது எங்கள் தலைமுறையின் அவதி என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். தென்னாபிரிக்கத் தமிழரின் வரலாற்றைப் படித்தபோதுதான், தாலிக்கும் எழுத்துக்கும் இடையிலான இந்த இடைவெளி நூறு ஆண்டுக்கு முன்பே கடல் கடந்த தமிழரைச் சிறை வரை கொண்டுபோனது தெரிந்தது. அங்கே சிக்கல் தலைகீழாக இருந்தது. தாலி இருந்தது, எழுத்து இல்லை.

1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போய் இறங்கினார்கள். பெரும்பாலானோர் சென்னைத் துறைமுகம் வழியே போன தமிழரும் தெலுங்கருமே. ஏறும்போதே ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு எல்லாம் கப்பல் பட்டியலில் ஏறின. கரும்புத் தோட்டத்தில் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால் உதவும் என்றுதான் மச்சத்தையும் தழும்பையும் எழுதினார்கள்.

ஒப்பந்தக் கூலிகளின் கலியாணங்களைப் பதிய, குடியேறிகளின் ‘பாதுகாவலர்’ என்ற அதிகாரியின் அலுவலகம் இருந்தது. ஆனால் தோட்டத்து லயத்தில் மஞ்சள் கயிறு கட்டியவர்களும், ஒப்பந்தம் முடிந்து வெளியே குடியேறியவர்களும், ஊருக்குப் போய்ப் பெண் எடுத்து வந்தவர்களும் எல்லோரும் பதிவு தேடிப் போகவில்லை. ஊரில் தாத்தாவும் பாட்டியும் எந்தப் பதிவாளர் முன் மணம் முடித்தார்கள்? உறவினர் சாட்சி, அக்கினி சாட்சி, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் அரசாங்கம் விரும்பி எழுதிய பத்திரங்கள் வேறு. ஒப்பந்தம் முடிந்தும் திரும்பிப் போகாதவர் ஆண்டுதோறும் 3 பவுண் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் நேட்டால் சட்டம் செய்தது. பின்னர் 16 வயது தாண்டிய ஆண் பிள்ளைகள் மேலும் 13 வயது தாண்டிய பெண் பிள்ளைகள் மேலும் அந்த வரி விழுந்தது. டிரான்ஸ்வாலில் 1906இல் வந்த சட்டமோ, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் எல்லோரும் விரல் ரேகை வைத்துப் பதிந்து, அந்தப் பத்திரத்தை எந்நேரமும் காட்டத் தயாராக இருக்க வேண்டும் என்றது.

அதற்கு எழுந்த எதிர்ப்பு எல்லோருக்கும் தெரிந்த கதை. 1908 ஆகஸ்ட் 16ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா பள்ளிவாசல் திடலில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுப் பத்திரங்களைப் பெரிய அண்டாவில் போட்டு எரித்தார்கள். அப்போராட்டத்தில் திரும்பத் திரும்பச் சிறை போனவர்களில் தம்பி நாயுடு போன்ற டிரான்ஸ்வால் தமிழர்கள் முன்னால் நின்றார்கள். காந்தி அதைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

ஐந்து ஆண்டு கழித்து, அதே மக்கள் இன்னொரு பத்திரத்துக்காகச் சிறை போனார்கள். இம்முறை எரிக்க அல்ல, கேட்க.

1913 மார்ச் 14ஆம் தேதி, கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மால்கம் சேர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். இந்தியாவில் இஸ்லாமிய முறைப்படி மணந்த மனைவியை ஒருவர் அழைத்து வந்திருந்தார். குடிவரவு அதிகாரிகள் அந்தப் பெண்ணை உள்ளே விட மறுத்தார்கள். பலதார மணத்துக்கு இடமளிக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த கலியாணம் இந்நாட்டுச் சட்டத்தில் கலியாணம் ஆகாது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்த மனிதருக்கு ஒரே மனைவிதான் இருந்தார் என்பது கணக்கில் வரவில்லை. அவர் சமயம் நான்கை அனுமதிக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது.

ஒரு பெண்ணின் வழக்கில் வந்த தீர்ப்பு எல்லா வீட்டுக் கதவையும் தட்டியது. கிறிஸ்தவ முறைப்படியோ பதிவாளர் முன்போ நடக்காத கலியாணம் எதுவும் செல்லாது என்றால், அத்தனை இந்து, முஸ்லிம் மனைவியரும் சட்டப்படி மனைவியர் அல்லர். பிள்ளைகள் முறைப்படி பிறந்தவர்கள் அல்லர். கணவன் இறந்தால் சொத்தில் உரிமை இல்லை. ஊருக்குப் போய்வரப் போன மனைவி, திரும்பி வரும்போது துறைமுகத்தில் அந்நியப் பெண்.

அதுவரை பெண்கள் சிறை போவதைக் காந்தி ஊக்குவிக்கவில்லை. இத்தீர்ப்புக்குப் பிறகு அவராலும் தடுக்க முடியவில்லை. அவமானம் நேராகப் பெண்களுக்கே நேர்ந்திருந்தது. 1913 செப்டம்பரில் கஸ்தூரிபா இருந்த குழு நேட்டாலிலிருந்து எல்லை கடந்து சிறை சென்றது. டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களில் பெரும்பாலோர் தமிழர். சிலர் கைக்குழந்தையோடு போனார்கள். முதலில் அவர்களைக் கைது செய்ய யாரும் முன்வராததால் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்கள் வரை சென்று, தங்கள் மொழி பேசும் தொழிலாளரிடம் 3 பவுண் வரியைப் பற்றிப் பேசினார்கள். தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பேசிய பெண்களுக்குக் கிடைத்தது மூன்று மாதக் கடுங்காவல்.

நவம்பர் 6ஆம் தேதி எல்லையை நோக்கி நடந்த பேரணியில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் இருந்ததாகக் காந்தி எழுதுகிறார். வேலைநிறுத்தம் கரையோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. மனைவி என்ற சொல்லுக்காகத் தொடங்கிய பயணம், ஒப்பந்தக் கூலிகளின் பெருங்கிளர்ச்சியாக மாறியது.

தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் இந்தப் போராட்டத்தில்தான் வருகிறது. பெயருக்கு முன்னால் தில்லையாடி இருந்தாலும் அவள் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். இன்றைய பேச்சில் சொன்னால், இரண்டாம் தலைமுறைப் பிள்ளை. அவள் கழுத்தில் தாலி இல்லை. எவர் பதிவேட்டிலும் அவளுக்கு மனைவி என்ற நிரல் தேவைப்படவில்லை. தாயோடு சிறை சென்றாள், காய்ச்சலோடு வெளியே வந்தாள், 1914 பெப்ரவரி 22ஆம் தேதி இறந்தாள். வயது 16. தாயின் கலியாணம் கலியாணம்தான் என்று சொல்ல ஒரு மகள் கொடுத்த விலை அது.

அந்த ஆண்டு நடுப்பகுதியில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுண் வரி ஒழிந்தது. இந்திய சமய முறைப்படி நடந்த கலியாணங்களுக்கு, ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்ற வரம்போடு, ஏற்பு கிடைத்தது. இந்தியச் சமயப் பூசாரிகளைக் கலியாணப் பதிவு அதிகாரிகளாக நியமிக்கவும் இடம் வந்தது. மூன்றாவதாக, நேட்டால் அரசு கொடுத்திருந்த குடியிருப்புச் சான்றிதழ், அதிலுள்ள பெருவிரல் ரேகை பொருந்தினால், நாட்டுக்குள் நுழையும் உரிமைக்கு முடிவான சாட்சி என்று ஏற்கப்பட்டது. ரேகை வைக்க மாட்டோம் என்று பத்திரங்களை எரித்தவர்கள், அதே ரேகையைத் தங்கள் உரிமைக்குச் சாட்சியாகப் பெற்றுக்கொண்டார்கள்.

இதை முரண்பாடு என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1908இல் எரிந்த பத்திரம், ‘இவன் ஆசியன், சந்தேகத்துக்குரியவன், கண்ட இடத்தில் நிறுத்திக் கேள்’ என்று பொலிசுக்குச் சொன்ன பத்திரம். 1913இல் கேட்ட பத்திரம், ‘இவள் இன்னாரின் மனைவி, வழி விடு’ என்று துறைமுக அதிகாரிக்குச் சொல்லும் பத்திரம். மை ஒன்று, முத்திரை ஒன்று. யாருக்கு யாரைப் பற்றி அது பேசுகிறது என்பதில்தான் வேறுபாடு.

ஆனாலும் கதை வெற்றியோடு முடியவில்லை. 1927 கேப் டவுன் உடன்படிக்கையின்படி, வருகிறவள் சட்டப்படியான மனைவிதான் என்று இந்திய அரசு சான்று தர வேண்டியிருந்தது. 1953இல் இந்தியாவிலிருந்து புது மனைவியரை அழைத்து வரும் வழியே அடைபட்டது. உள்நாட்டிலோ, அரசு நியமனம் பெறாத பூசாரி நடத்தி வைத்து, பதிவும் செய்யாத கலியாணம் சட்டத்தின் கண்ணில் கலியாணமே இல்லை. சேர்ல் தீர்ப்புக்கு ஏறக்குறைய 95 ஆண்டு கழித்தும், உயில் எழுதாமல் இறந்த கணவனின் சொத்துக்கு மாமனார் மாமியாரோடு வழக்காடிய ஓர் இந்துப் பெண், ‘நானும் மனைவிதான்’ என்று டர்பன் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருந்தது. நீதிமன்றம் ஆம் என்றது. ஆனால் கேட்க வேண்டிய நிலையில் அப்போதும் ஒரு பெண்தான் நின்றாள்.

பத்திரங்கள் இன்னொன்றும் செய்தன. எழுத்தர்களின் காதில் விழுந்தபடி கவுண்டர் ‘கோவென்டர்’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார். தமிழ் எழுத வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் பெயர்களோடுதான் வாழ்கிறார்கள். பூட்டனின் ஊரைத் தேடுகிறவர்கள் கடைசியில் போய்ச் சேர்வது அந்தப் பழைய கப்பல் பட்டியலிடம்தான். தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதிய ஜில்லா, தாலுகா, கிராமம், இப்போது வீடு திரும்பும் வழியைச் சொல்கிறது.

போன மாதம் அக்காவின் மகள் தன் கலியாணத்துக்கு நாள் குறித்தாள். நகரசபையில் பதிவு ஒரு நாள், கோயிலில் தாலி ஒரு நாள். “ஏன் மாமா ரெண்டு தரம்?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லுமுன், அக்கா அலுமாரியிலிருந்து தன் கோப்பை எடுத்து வந்து, மங்கிப்போன விவாகப் பதிவுப் பத்திரத்தை அவள் கையில் கொடுத்தா.

“இதாலதான் நான் இங்க வந்தனான். பத்திரமா வைச்சிரு.”