கூட்டுப்பலகையில் உருவ ஒருமையும் பொருள் ஒருமையும்

1. எல்லையும் வரையறையும்

வெவ்வேறு இடங்களில் இருக்கும் பலர் ஒரே பரப்பில் எழுதவும் வரையவும், எழுதியதை நகர்த்தவும் அழிக்கவும் இடமளிக்கும் இணைய வரைவெளியை இக்கட்டுரையில் கூட்டுப்பலகை என்கிறோம். மிரோ, மியூரல், ஃபிக்ஜாம், மைக்ரோசாஃப்ட் வொயிட்போர்டு, எக்ஸ்காலிட்ரா ஆகியவை இவ்வினத்தவை. காணொளிக் கூட்டத்தில் ஒருவர் தம் திரையைப் பிறருக்குக் காட்டுவது இவ்வினத்தில் அடங்காது. அங்கே எழுதும் கை ஒன்றே, மற்றவர்கள் பார்வையாளர்கள்.

இப்பலகையில் நடைபெறும் பணிகளுள் இரண்டை மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். இனி நடக்க வேண்டியவற்றைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, பொறுப்பும் நாளும் குறிப்பது திட்டமிடல். ஒரு வேலை எந்தத் தூண்டுதலில் தொடங்குகிறது, யார் யார் கைக்கு மாறுகிறது, எங்கே காத்துக் கிடக்கிறது, எந்த விளைவில் முடிகிறது என்று உள்ளதை உள்ளபடி வரைவது செயல்முறை வரைவு. முன்னது எதிர்காலத்தைப் பற்றியது. பின்னது நிகழ்காலத்தைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒரே வண்ணச் சீட்டுகளால் ஒரே பரப்பில் செய்வதிலிருந்தே நாம் ஆராயப்போகும் சிக்கல்கள் பல பிறக்கின்றன.

மேலும் இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்ள வேண்டும். பங்கேற்பவர் அனைவரின் திரையிலும் ஒரே சீட்டுகள், ஒரே இடத்தில், ஒரே வடிவில் தெரிவது உருவ ஒருமை. அச்சீட்டுகள் குறிப்பது இன்னது என்பதில் அனைவருக்கும் ஒரே புரிதல் இருப்பது பொருள் ஒருமை. முன்னதை மென்பொருள் தருகிறது. பின்னதை எந்த மென்பொருளும் தருவதில்லை. முன்னது தடையின்றிக் கிடைப்பதால் பின்னதும் கிடைத்துவிட்டது என்று குழுக்கள் கருதிக்கொள்கின்றன என்பதே நம் வாதம்.

2. இரு மரபுகள்

கூட்டுப்பலகைக்குக் கணினி ஆய்வகம் ஒரு மரபு. தொழிற்கூடம் மற்றொரு மரபு.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் தம் கணினி அமைப்பைச் செயல்விளக்கம் செய்தபோது, மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளரும் அவரும் ஒரே திரையைப் பகிர்ந்துகொண்டார்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் மார்க் ஸ்டெஃபிக் குழுவினர் உருவாக்கிய ‘கோலாப்’ என்ற கூட்ட அறை பற்றிய கட்டுரை 1987இல் வெளிவந்தது. ஒருவர் காண்பதையே அனைவரும் காண வேண்டும் என்பது அவர்களின் தொடக்கக் கொள்கை. பயன்படுத்திப் பார்த்தபின், அதை அப்படியே கடைப்பிடிக்க இயலாது, தளர்த்தியே ஆக வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். அவ்வறைக்கென எழுதப்பட்ட ‘காக்னோட்டர்’ என்ற மென்பொருள், எண்ணங்களைத் திரட்டுவது, ஒழுங்குபடுத்துவது, மதிப்பிடுவது ஆகிய மூன்றையும் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்தது. இன்றைய பலகைகள் பெரும்பாலும் இந்தப் பிரிவினையைக் கைவிட்டுவிட்டன. நம் பார்வையில் அது முன்னேற்றம் அன்று.

ஜான் டாங் 1991இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டியது. சிறு குழுக்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே தாளில் வரைந்தபோது, வரைபரப்பில் நிகழ்ந்த செயல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கையசைவுகளே. சுட்டிக்காட்டல், கையால் வழி காட்டல், அடுத்து நான் என்று கை நீட்டல் ஆகியவை தாளில் தடம் விடுவதில்லை. ஆயினும் புரிதலைச் சுமப்பவை அவையே. இன்றைய பலகையில் பெயர் தாங்கி நகரும் சுட்டி அக்கைக்கு மாற்றாக நிற்கும் மெலிந்த பதிலி. மிரோ 2011இல் ருஷ்யாவின் பெர்ம் நகரில் ‘ரியல்டைம்போர்டு’ என்ற பெயரில் தோன்றி, 2019இல் இன்றைய பெயரை ஏற்றது. மியூரலும் 2011இல் அர்ஜென்டினாவில் தோன்றியதே.

தொழிற்கூட மரபு இதனினும் பழையது. ஃபிராங்க், லிலியன் கில்பிரெத் இணையர் 1921இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் செயல்முறை வரைபடங்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தனர். அக்கழகம் 1947இல் குறியீடுகளை ஐந்தாக வரையறுத்தது: செய்கை, இடமாற்றம், சோதனை, தாமதம், சேமிப்பு. பொருளை அதன் இறுதி வடிவை நோக்கி ஓர் அடி நகர்த்துவது இவ்வைந்தில் முதலாவது மட்டுமே என்பதை வாசகர் கருத வேண்டும். ஏனைய நான்கும் பொருள் நகர்ந்தது, ஆராயப்பட்டது, நின்றது, கிடந்தது என்பவற்றையே குறிக்கின்றன. இன்று குழுக்கள் வரையும் படங்களிலோ செய்கை மட்டுமே நிறைந்திருக்கிறது. தாமதத்துக்குச் சீட்டு எழுதுபவர் அரிது. யாரும் செய்யாத ஒன்றை எழுத யாருக்கும் தோன்றாததே காரணம்.

பின்னர் 1990இல் ரம்லர், பிராச் இருவரின் நூல், பொறுப்பாளருக்கு ஒன்றாகத் தடங்கள் வகுக்கும் முறையைப் பரவலாக்கியது. வணிகச் செயல்முறைக் குறியீட்டு முறையான பிபிஎம்என் 2013இல் உலகத்தரமாயிற்று. அதன் நுணுக்கங்கள் நம் ஆய்வுக்குத் தேவையில்லை.

3. உருவ ஒருமையின் இயக்கம்

இருவர் ஒரே கணத்தில் ஒரே பொருளை மாற்றினால் எது நிலைக்கும்? எல்லிஸ், கிப்ஸ் இருவரும் 1989இல் ‘குரோவ்’ என்ற கூட்டு எழுதியை முன்வைத்து இக்கேள்விக்கு ஒரு விடை தந்தனர்: பிறர் செய்த மாற்றத்துக்கேற்ப நம் மாற்றத்தை உருமாற்றிப் பொருத்துவது. ஷாப்பிரோ குழுவினர் 2011இல் முறைப்படுத்திய தரவு வகைகளோ எந்த வரிசையில் மாற்றங்கள் வந்து சேர்ந்தாலும் முடிவு ஒன்றாகவே அமையும்படி வகுக்கப்பட்டவை. ஃபிக்மா நிறுவனம் 2019இல் விளக்கிய தன் முறை இவற்றைவிட எளியது. ஒரு பொருளின் ஒவ்வொரு பண்பையும் தனித்தனியாகக் கொண்டு, சேவையகத்தைக் கடைசியாக எட்டிய மதிப்பை நிலைநிறுத்துகிறது. ஒருவர் சீட்டின் நிறத்தையும் மற்றொருவர் அதன் இடத்தையும் மாற்றினால் இரு மாற்றமும் நிற்கும். இருவரும் இடத்தையே மாற்றினால் பிந்தியவர் வைத்த இடம் நிற்கும்.

இதிலிருந்து நம் ஆய்வுக்குரிய ஒரு விளைவு பிறக்கிறது. ஒரு சீட்டைப் ‘பிப்ரவரி’ என்ற நிரலிலிருந்து ‘ஜனவரி’ நிரலுக்கு நகர்த்துவது ஒரு தீர்மானம். மென்பொருளுக்கோ அது இரண்டு எண்களின் மாற்றம் மட்டுமே. சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. குழுவின் வாக்குறுதி மாறிவிட்டது.

ஆகவே பலகையில் உள்ள உறவுகளை இருவகையாகப் பிரிக்கலாம். அம்பால் கட்டப்பட்டது இணைப்புறவு; சீட்டை எங்கே நகர்த்தினாலும் அம்பு கூடவே வரும். அருகருகே வைத்ததால் தோன்றுவது அண்மையுறவு. அது பார்ப்பவர் கண்ணில் மட்டுமே இருக்கிறது, ஒரு தவறான இழுப்பில் சிதைந்துவிடும். எண்ணங்களைத் தொகுக்கும்போது அண்மையுறவே தக்கது. அது இறுகாமல் இருப்பதே அதன் சிறப்பு. செயல்முறை வரைவில் முன்பின் வரிசையை அண்மையிடம் ஒப்படைப்பது பிழை. அங்கே ஒவ்வொரு கைமாற்றுக்கும் ஓர் அம்பு வேண்டும்.

4. பொருள் ஒருமை குலையும் இடம்

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல்களைக் கொண்டுவர முயலும் ஒரு சிறு பதிப்பகம். பதிப்பாளர் சென்னையில், மெய்ப்பு பார்ப்பவர் மதுரையில், அட்டை ஓவியர் பெங்களூரில், பக்க வடிவமைப்பாளர் கோவையில். நால்வரும் ஒரு பலகையில் கூடித் தங்கள் செயல்முறையை வரைகிறார்கள். ‘மெய்ப்பு முடிந்தது’ என்று ஒரு சீட்டு. நால்வரும் தலையசைக்கிறார்கள். உருவ ஒருமை நிறைவாக இருக்கிறது.

மெய்ப்பு பார்ப்பவருக்கு அதன் பொருள், பிழைகளைக் குறித்து அனுப்பியாயிற்று என்பது. வடிவமைப்பாளருக்கு, குறித்த திருத்தங்களைக் கோப்பில் ஏற்றியாயிற்று என்பது. பதிப்பாளருக்கு, நூலாசிரியர் பார்த்து ஒப்புதல் தந்துவிட்டார் என்பது. இம்மூன்றுக்கும் இடையே வாரங்கள் கழியக்கூடும். அந்த ஒரு சீட்டு உண்மையில் மூன்று நிகழ்ச்சிகளும் இரண்டு காத்திருப்புகளும் ஆகும். பலகை அவற்றை ஒரு மஞ்சள் சதுரத்துக்குள் அடக்கிக்காட்டியது.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. நூலின் முதுகு அகலம், பக்க எண்ணிக்கையாலும் தாளின் தடிமனாலும் அமைவது. பக்கங்களோ பெரும்பாலும் பதினாறு பதினாறாகப் பாரங்களில் அடிக்கப்படுவன. கடைசி நேரத்தில் நூலாசிரியர் ஒரு முன்னுரையைச் சேர்த்தால் ஒரு பாரம் கூடலாம், முதுகு மாறலாம், முடித்து வைத்த அட்டை மீண்டும் ஓவியரிடம் போகலாம். ஆகையால் அட்டை என்பது ஒரு படி அன்று. விளம்பரத்துக்கான முன்னட்டை முன்னரே முடியலாம்; அச்சுக்கான முழு அட்டை பக்க அமைப்பு முடிந்தபின்தான் முடியும். இந்தச் சார்பு ஓவியருக்கும் வடிவமைப்பாளருக்கும் தனித்தனியே தெரிந்ததுதான். இருவரையும் ஒரே படத்தின் முன் நிறுத்தி, இது எப்போது தொடங்க முடியும் என்று கேட்டால்தான் அது வெளிப்படுகிறது. கூட்டுப்பலகையின் மெய்யான பயன் இந்த இடத்தில் இருக்கிறது: வரைந்து முடித்த படத்தைவிட வரையும்போது எழும் மறுப்பே மதிப்புடையது. மறுப்பு ஒன்றுகூட எழாமல் முடிந்த வரைவை நாம் ஐயத்தோடு நோக்குவோம்.

5. சீட்டுகளின் வகை

பலகைக்கு எல்லாச் சீட்டும் ஒன்றே. வாதத்துக்கு அவை நான்கு வகை. இன்று இப்படித்தான் நடக்கிறது என்பது நடப்புக் கூற்று. இப்படித்தான் நடக்க வேண்டும் என்று முன்பே ஏற்றது விதிக் கூற்று. இனி இப்படி நடந்தால் நல்லது என்பது விழைவுக் கூற்று. யாருக்கும் தெரியாதது ஐயக் கூற்று. செயல்முறை வரைவில் மிகுதியாக நேரும் கேடு, விதிக் கூற்று நடப்பின் வேடத்தில் வந்து அமர்வது. ‘இரண்டு மெய்ப்பு பார்க்கப்படும்’ என்று எழுதுவார்கள். டிசம்பரில் ஒன்றே பார்த்திருப்பார்கள்.

வகைக்கு ஒரு நிறம் என முன்கூட்டியே ஏற்படுத்திக்கொள்வது முதல் மருந்து. நிறப்பார்வைக் குறை உள்ளவர் இருக்கக்கூடும் என்பதால் சீட்டின் தலையில் ஓர் எழுத்தும் இடுவது நன்று. மென்பொருள் துறையில் ஆல்பர்ட்டோ பிராண்டோலினி உருவாக்கிய நிகழ்ச்சி வரைவு முறை, ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஆரஞ்சுச் சீட்டில் இறந்தகால வினையாகவே எழுதச் சொல்கிறது. தீராத ஐயங்களுக்குத் தனி நிறம் வைக்கிறது. தமிழில் எழுதும் குழுக்களுக்கு இவ்விதி இரட்டிப்புப் பயன் தரும். நாம் ‘திருத்தம் ஏற்றல்’ என்று தொழிற்பெயரால் எழுதிப் பழகியவர்கள். அதில் வேலை முடிந்ததா என்பதும் இல்லை, செய்தவரும் இல்லை. ‘திருத்தத்தை வடிவமைப்பாளர் ஏற்றினார்’ என்று எழுத முனைந்தால், அப்பணி வடிவமைப்பாளருடையதா என்ற கேள்வி உடனே எழும்.

6. படிநிலைகள்

முதற்படி எல்லையிடல். விளிம்பில்லாத பரப்பு எல்லையில்லாத வரைவை அழைக்கும். ஆகவே முதற்சீட்டு எழுதும் முன் தொடக்கமும் முடிவும் இரு முனைகளில் எழுதப்பட வேண்டும். நம் எடுத்துக்காட்டில், ‘கைப்பிரதியைப் பதிப்பாளர் ஏற்றார்’ என்பது ஒரு முனை; ‘நூல் அரங்குக்கு வந்து சேர்ந்தது’ என்பது மறுமுனை. ராயல்டிக் கணக்கு, நூலக ஆணை ஆகியவை எவ்வளவு முக்கியமானாலும் வெளியே நிற்கும்.

இரண்டாம் படி தனித்தெழுதல். டீல், ஸ்ட்ரோபே இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, கூடிப் பேசி எண்ணம் திரட்டும் குழுக்கள் பின்தங்குவதற்கு, ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க நேர்வதே முதன்மையான காரணம் என்று காட்டியது. பலகை இக்காத்திருப்பை நீக்குகிறது. அனைவரும் ஒருங்கே எழுதலாம். ஆனால் பதிப்பாளரின் சுட்டி ஒரு சீட்டின்மேல் நின்றால் மற்றவர் கை அங்கே திரும்பிவிடும். மிரோவிலும் மியூரலிலும் உள்ள, பிறர் எழுதுவதை மறைத்துவைக்கும் முறையை இப்படியில் தவறாமல் பயன்படுத்த வேண்டும் என்பது நம் துணிபு.

மூன்றாவது தொகுத்தல். இதற்கு ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிட்டா வகுத்த நெறியே போதும்: தலைப்பை முன்னே வைத்துச் சீட்டுகளை அதற்குள் திணிக்காமல், சீட்டுகளைச் சேர்த்தபின் தலைப்பைக் காண்பது. நான்காவது, பொறுப்புத் தடங்களில் வரிசையிட்டு அம்பிடல்.

ஐந்தாம் படி சரிபார்த்தல்; பெரும்பாலும் விடுபடுவது இதுவே. சென்ற ஆண்டு வெளிவந்த ஒரு நூலை எடுத்து, மின்னஞ்சல் நாட்களை வைத்துக்கொண்டு, அதைப் படத்தின் வழியே தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திப் பார்க்க வேண்டும். எந்தச் சீட்டில் அந்நூல் நிற்கவேயில்லை, சீட்டே இல்லாத எந்த இடத்தில் அது மூன்று வாரம் கிடந்தது என்பவை அப்போது தெரியும். முன்னது விதிக் கூற்று. பின்னது எழுதப்படாத தாமதம். வாக்கிட்டு இதை முடிவு செய்ய இயலாது. எதை முதலில் திருத்துவது என்பதற்கு வாக்கு தகும். என்ன நடந்தது என்பதற்குத் தகாது.

இதன் பின்னரே திட்டமிடல் தொடங்க வேண்டும், அதுவும் வேறொரு சட்டகத்தில். வரைவின் நகலை எடுத்து, அதில் மாற்ற விரும்பும் இடத்தை மட்டும் விழைவு நிறத்தால் குறித்து, ஆளும் நாளும் இடுவது முறை. மூலப்படத்தைப் பூட்டிவைக்க வேண்டும். இல்லையேல் சில நாட்களில் நடப்பும் விழைவும் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமற்போகும்.

7. பலகையின் ஆயுள்

பணிப்பலகை வேறு, பதிவுப்பலகை வேறு. முன்னது கூட்டம் முடிந்ததும் கலையலாம். பின்னதற்குப் பொறுப்பாளர் ஒருவரும், கடைசியாகச் சரிபார்த்த நாளும் படத்தின் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பலகையைத் தரும் சேவையும் நிலையானது அன்று. 2016இல் அறிவிக்கப்பட்ட கூகுளின் ஜாம்போர்டு 2024 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது. பயனர்கள் கோப்புகளைப் பிடிஎஃப் வடிவில் எடுத்துக்கொள்ளவோ வேறு பலகைகளுக்கு மாற்றிக்கொள்ளவோ கால அவகாசம் தரப்பட்டது. ஆனால் பிடிஎஃபில் உருவம் மட்டுமே எஞ்சும். அம்பு வெறும் கோடாகிவிடும், எச்சீட்டை எதனோடு கட்டியது என்ற செய்தி அதில் இராது. எனவே சரிபார்த்து முடித்த ஒவ்வொரு செயல்முறைக்கும் உரைநடையில் ஒரு வடிவம் எழுதி வைக்க வேண்டும் என்கிறோம்: யார், எதைப் பெற்றதும், என்ன செய்து, யாரிடம் தருகிறார், வழக்கமாக எத்தனை நாள் கிடக்கிறது. படிக்கு ஒரு வரி போதும். அவ்வரியை எழுத முடியாத படி எதுவோ, அதன் சீட்டை ஐயக் கூற்றின் நிறத்துக்கு மாற்றி, அடுத்த கூட்டத்தின் முதற்பொருளாக வைக்க வேண்டும்.